மூன்று விநாடிப் புகை

நவம்பர் 10, 2024 – ஞாயிறு

போலாரத்தில் குளிர் இறங்கிவிட்டது. ரோஸ்லின் இன்றும் ஒரு மணி நேரம் தாமதமாக வந்து பாத்திரம் தேய்த்தாள். காரணம் பஸ். பஸ்ஸுக்கு வாய் இருந்தால் அதுவும் ஏதாவது சொல்லும்.

மைதானத்திலிருந்து திரும்பிய என் கணவர் ஒரு விண்ணப்பத்துடன் சமையலறை வாசலில் நின்றார். அவருடைய டாங்கியில் புகை போதவில்லையாம்.

"நீ கெமிஸ்ட்ரிதானே வள்ளி. கொஞ்சம் பாரேன்."

முப்பத்து நான்கு ஆண்டுகள் கரிம வேதியியல் கற்பித்தது பொம்மைக்குப் புகை போட அல்ல என்றேன்.

"பொம்மை இல்ல. மாடல்."

முப்பது ஆண்டுகள் ராணுவப் பட்டறையில் உண்மையான டாங்கிகளைப் பழுது பார்த்தவர், எழுபத்தொன்பது வயதில் குட்டி நாய் அளவுக்கு ஒரு டாங்கியைத் தகடு தகடாகச் செய்து ரிமோட்டில் ஓட்டுவதை நான் இதுவரை யாரிடமும் விளக்க முயன்றதில்லை. இவரைப் போல இன்னும் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஞாயிறுதோறும் புழுதியில் நின்று தளபதிகளாகிறார்கள். வரும் குடியரசு தினத்தன்று வருடாந்திர ஓட்டம்: நாற்பது மீட்டர், நான்கு வளைவு, எட்டுக் கொடி.

பிற்பகல் மேஜையெல்லாம் எண்ணெய். புகைப் பெட்டி என்பது கட்டைவிரல் அளவு டப்பா; உள்ளே ஒரு திரி, திரியைச் சுற்றிச் சூடேறும் கம்பி, புகையை வெளியே ஊத ஒரு சின்ன பம்ப். சிரிஞ்சால் பன்னிரண்டு சொட்டு விட வேண்டும். மிஞ்சினால் திரி மூழ்கும், புகை வராது. இதை எனக்குச் சொன்னதே இவர்தான். ஆனால் டப்பா வழிய வழிய ஊற்றி வைத்திருக்கிறார்! "கண்ணு என்ன பின்னாலயா இருக்கு?" என்று கேட்டேன். என் காதைப் பார்த்தார். இப்போதெல்லாம் பேசும்போது காதையே பார்க்கிறார். காதில் என்ன தொங்குகிறதோ.

நவம்பர் 12 – செவ்வாய்

இவர் ஓய்வூதியர் சங்கத்துக்குப் போயிருந்தபோது புகைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். ஆர்வம் அல்ல, எரிச்சல். இடுக்கி தேடித் திருகாணி டப்பாவைக் கவிழ்த்ததில், அடியில் ஒரு அட்டை.

சதுரக் கட்டங்கள், நடுவே ஒரு கறுப்புப் புள்ளி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு புள்ளியைப் பார்த்து, கோணலாகவோ மறைந்தோ தெரியும் கட்டங்களைக் குறிக்கச் சொல்லி ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தது. குறித்திருக்கிறார். தேதி வாரியாக, பென்சிலால், பட்டறைப் பதிவேட்டுக்குரிய ஒழுங்குடன். செப்டம்பரில் புள்ளியைச் சுற்றி மிளகளவு நிழல். அக்டோபரில் துவரம்பருப்பு. போன சனிக்கிழமை, கொண்டைக்கடலை. வலது கண் அப்படி. இடது கண் ஒரு மாதம் பின்தங்கி அதே வழியில் போகிறது.

என் மாமியாருக்கு இதுதான் வந்தது. கண்ணின் நடுப்பகுதி மெல்லப் போய், ஓரங்கள் மட்டும் மிஞ்சும். வைத்தியம் கிடையாது என்று நாற்பது வருடத்துக்கு முன் டாக்டர் கையை விரித்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

சிரிஞ்சில் கோடுகள் தெரியவில்லை. அதனால்தான் வழிய ஊற்றினார். டாங்கி தெரியவில்லை. அதனால்தான் புகை கேட்கிறார். வெள்ளையாக, பெரிதாக ஏதாவது இருந்தால் ஓரக்கண்ணில் படும்.

கண்ணு பின்னாலயா இருக்குன்னு கேட்டேனே — கேட்டேனே நான்.

அட்டையை இருந்த இடத்தில் வைத்துவிட்டேன்.

நவம்பர் 15 – வெள்ளி

மறுபடி எண்ணெய். இம்முறை மேஜை, நாற்காலி, அவருடைய வேட்டி. ஒன்றும் சொல்லாமல் துடைத்தேன்.

சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்திருக்கிறேன். மறைப்பது அவருடைய உரிமை. சொன்னால் ஞாயிற்றுக்கிழமையை அவரே விட்டுவிடுவார். எனக்குச் சுமையாகக் கூடாது என்பார். அந்த வசனத்தைக் கேட்கும் பொறுமை எனக்கு இல்லை. புகையைப் பெரிதாக்குவது என்னால் முடியும். அதைச் செய்கிறேன்.

நவம்பர் 16 – சனி

"உங்கள் புகையைப் பார்க்கச் சகிக்கவில்லை, என் பாடத்துக்கே அவமானம், நானே செய்கிறேன்" என்று அறிவித்தேன். நம்பிவிட்டார்.

நவம்பர் 24 – ஞாயிறு

ஃபெலிக்ஸை வரச் சொல்லியிருந்தேன். பேகம்பேட்டில் ரேடியோ, டிவி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர், வயது ஐம்பத்திரண்டு. குழுவிலேயே மின்சாரம் தெரிந்த ஒரே ஆள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு உச்சுக்கொட்டினார்.

"இந்த பம்ப் நக்கோ, வேணாம் மேடம். பீடி குடிக்கிற மாதிரி ஊதுது. கடையில பழைய லேப்டாப் ஃபேன் கெடக்கு, அத போட்டா ரயில் எஞ்சின் மாதிரி தள்ளும்."

"பெட்டி உருகாதா?"

"பித்தளையில செஞ்சிடலாம். ஆமா, மேடம் எதுக்கு இதுல எறங்கினீங்க? சாருக்கே ஆச்சரியமா இருக்கு."

"பொழுது போகவில்லை" என்றேன். என்னைத் தெரிந்த எவரும் நம்பக்கூடாத பதில். அவரும் நம்பவில்லை. நல்ல மனிதர், மேலே கேட்கவில்லை.

நவம்பர் 27 – புதன்

குளியலறைதான் ஆய்வுக்கூடம். சுவரில் கறுப்புக் குடையை விரித்து மாட்டி, அதன் முன் புகைக்க விடுகிறேன். பாரஃபின் எண்ணெயின் புகை மெலிவு. மருந்துக்கடைக் கிளிசரினைத் தனியாக விட்டுப் பார்த்தேன். கம்பி அளவுக்கு மேல் சூடாகிக் கிளிசரின் சிதைந்து, கண்ணையும் மூக்கையும் அரிக்கும் அக்ரோலின் கிளம்பியது. முதலாண்டு மாணவி செய்தால் வெளியே நிறுத்தியிருப்பேன்.

ரோஸ்லின் மூக்கை மூடிக்கொண்டு வந்தாள். "அம்மா, என்ன கருக்கினீங்க? அடுப்பே பத்த வைக்கலியே!"

"புகை செய்கிறேன்."

"ஊரெல்லாம் புகை வேணான்னுதானே ஜன்னல சாத்துறாங்க?"

நியாயமான கேள்வி.

டிசம்பர் 3 – செவ்வாய்

கிளிசரின் ஏழு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீர் மூன்று பங்கு. கண்ணாடி நூல் திரி. கம்பிக்குச் செல்லும் மின்னழுத்தம் குறைக்கப்பட்டது. அக்ரோலின் இல்லை. புகை குடையின் முன் நாற்பத்தொரு விநாடி நின்றது! நிறுத்துக் கடிகாரத்தில் மூன்று முறை பார்த்தேன். அடர்த்தியும் வெண்மையும் குறைசொல்ல முடியாதவை.

எனக்கு மகிழ்ச்சி என்று பதிவு செய்கிறேன். வேறு எங்கும் சொல்லப்போவதில்லை.

டிசம்பர் 11 – புதன்

காலை ஏழு மணி. காற்றில்லாத முற்றம். இவர் ரிமோட்டைப் பிடித்தார். டாங்கி உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னால் வெள்ளைப் புகை தலையணை தலையணையாக.

"ஹா!" என்றார். அவ்வளவுதான். ஆனால் கழுத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு, முற்றத்தை இரண்டு சுற்று, ஒரு தொட்டியிலும் இடிக்காமல் ஓட்டினார். செப்டம்பருக்குப் பிறகு துளசிச் சட்டி தப்பியது இன்றுதான்.

நான் உள்ளே போய்க் காப்பிக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி வழிந்தது. பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

டிசம்பர் 22 – ஞாயிறு

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

மைதானத்துக்கு நானும் போனேன். பதினைந்து வருடத்தில் முதல் முறை, நாற்காலியெல்லாம் போட்டார்கள். வடகிழக்கிலிருந்து வாடைக்காற்று. குளியலறையில் காற்று ஏது? அதை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை.

முதல் கொடி வரை சரி. பிறகு காற்று புகையை அள்ளி இடப்பக்கம் கொண்டுபோனது. நான் பெருமைப்பட்ட புகை ஆயிற்றே, கலையவே இல்லை. முழுசாக, வெள்ளையாக, டாங்கியை விட்டு மூன்று மீட்டர் தள்ளி நிதானமாக நடந்து போனது. இவர் அதை டாங்கி என்று நினைத்தார். வண்டி இடப்பக்கம் விலகுகிறது என்று எண்ணி வலப்பக்கம் ஒடித்தார். இன்னும் விலகியது. இன்னும் ஒடித்தார். டாங்கி வேலியோரக் கால்வாயில் தலைகுப்புற விழுந்தது. அதற்கப்புறமும் இவர் விசையைத் தள்ளிக்கொண்டே, புகையைப் பார்த்தபடி நின்றார். புகை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

குழுவில் இருக்கும் அருணாசலம் என்கிற வங்கிக்காரர் சிரித்தார். "சார், எந்த நாட்டு எல்லைக்குப் போறீங்க?"

இவர் விசையை விட்டார். பிறகு, "பிரேக் ஃபெயில்" என்றார்.

ஃபெலிக்ஸ் முழங்கால் சேற்றில் இறங்கி எடுத்துவந்தார். பீரங்கிக் குழாய் வளைந்திருந்தது. ஆட்டோவில் இவர் டாங்கியை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வேட்டியெல்லாம் சாக்கடைச் சேறு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொரு விநாடி! தேர்வில் கேட்காத கேள்விக்கு முழு மதிப்பெண் விடை எழுதியிருக்கிறேன். புகை இருந்த இடம் அல்ல அவருக்கு வேண்டியது. வண்டி இருக்கிற இடம்.

டிசம்பர் 23 – திங்கள்

காலையில் குழாயை நிமிர்த்திக்கொண்டிருந்தவர், தலை தூக்காமலே கேட்டார்.

"உனக்கு எப்போ தெரியும்?"

"நவம்பர் பன்னிரண்டு" என்றேன். மழுப்புவதில் பயனில்லை.

"பதினைஞ்சாம் தேதியே எனக்குத் தெரிஞ்சிடுச்சு, உனக்குத் தெரியும்னு."

"எப்படி?"

"அன்னிக்கு எண்ணெயக் கொட்டினேனே. நீ பேசாம தொடச்சிட்டுப் போன. ஐம்பத்தோரு வருஷத்துல நீ திட்டாம தொடச்சது அன்னிக்கு ஒரு நாள்தான், வள்ளி. பயந்துட்டேன்."

"பிறகு ஏன் சொல்லவில்லை?"

"நீ குளியலறையில உக்காந்து ஆசையா புகை காய்ச்சிட்டு இருந்த. எதுக்குக் கெடுக்கணும்னு."

சிரிப்பதா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் மீதியையும் சொன்னார். செப்டம்பரில் தனியாகக் கண் டாக்டரிடம் போயிருக்கிறார். இப்போது இதற்கு ஊசி இருக்கிறதாம். போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம், இரண்டு வாரத்தில் வாருங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் போகவில்லை.

"ஏன்?"

"ஊசிய கண்ணுக்குள்ள போடுவாங்களாம்."

போரில் எரிந்துகொண்டிருந்த டாங்கிக்குள் கையை விட்டு ஆளை இழுத்த மனிதர் — ஊசிக்குப் பயமாம்! மூணு மாசம்! மூணு மாசம் மிளகு கடலையாகுறதப் பென்சில்ல வரைஞ்சிட்டு உக்காந்திருந்தீங்களா, ஒரு வார்த்தை சொல்ல மாட்டீங்களா, நான் என்ன செத்தா போயிட்டேன்னு கத்தினேன். ரோஸ்லின் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

"ஹவ், ஆமா, இதான் வள்ளி" என்றார் இவர், இந்த ஊர்த் தக்காணிப் பேச்சில். நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்த நிம்மதியைப் பார்த்துத்தான் எனக்குக் கத்தல் நின்றது.

என் பங்கையும் எழுத வேண்டும். அட்டையைப் பார்த்த அன்றே நான் திட்டியிருந்தால் அன்றே இது வெளிவந்திருக்கும். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு டாக்டரின் சொல்லை வைத்துக்கொண்டு, விசாரிக்காமல், வைத்தியம் இல்லை என்று முடிவு கட்டினேன். அறிவியல் படித்தவள். வாழ்க்கையில் ஒருமுறை மென்மையாக இருக்க முயன்றேன். அதற்கு ஆறு வாரப் பார்வை செலவாகியிருக்கிறது. அவருடைய பார்வை.

காது விஷயத்தையும் கேட்டேன்.

"நேரா பார்த்தா உன் மூஞ்சி இருக்கிற எடத்துல ஓட்டைதான் இருக்கு. காதைப் பார்த்தா, ஓரத்துல மூஞ்சி தெரியுது."

நிபந்தனை சொன்னேன்: ஊசி போட்டுக்கொண்டால்தான் புகை. உத்தரவு என்றார்.

டிசம்பர் 30 – திங்கள்

முதல் ஊசி, வலது கண். மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டார்கள். வலியே தெரியவில்லை என்று வெளியே வந்து பெருமையடித்துக்கொண்டார். உள்ளே என் கையை அவர் பிடித்த பிடியில் மோதிரம் பதிந்த தடம் இன்னும் இருக்கிறது.

டாக்டர், வர்ஷினி என்ற சின்னப் பெண், ஒளிக்காமல் பேசினாள். செப்டம்பரிலேயே ஊசிக்கு வந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். மாதம் ஒன்று போட்டுப் பார்ப்போம், நிற்கலாம், உறுதியில்லை. பிடித்திருந்தது. டாக்டர் போனபின் இவர் கேட்டார்: "இருபத்தாறாம் தேதி வண்டி ஓட்டலாமான்னு கேட்டியா?"

கேட்டிருந்தேன். ஓட்டலாம்.

ஜனவரி 3, 2025 – வெள்ளி

கிளிசரின் இரண்டு பங்கு, நீர் நான்கு, புரொப்பிலின் கிளைக்கால் நான்கு. பதினைந்து விநாடி. நீளம்.

ஜனவரி 8 – புதன்

கிளிசரினை ஒரு பங்காகக் குறைத்தேன். புகை பெட்டியின் வாயில் அடர்த்தியாகப் பிறந்து மூன்று விநாடியில் செத்துப்போகிறது. இதுதான் வேண்டும். இம்முறை குளியலறையில் அல்ல. மொட்டை மாடியில், காற்றில், ஃபெலிக்ஸ் ஸ்கேல் பிடிக்க, நான் கடிகாரம் பார்க்க. மூன்று விநாடியில் புகை வண்டியை விட்டு ஒரு முழத்துக்கு மேல் நகரவில்லை.

ஃபெலிக்ஸ் இன்னொன்றும் செய்தார். காற்றாடியைத் தொடர்ச்சியாக ஓடவிடாமல் விட்டு விட்டு ஓட வைத்தார். வண்டி வேகமெடுத்தால் கொத்துக் கொத்தாக அடுத்தடுத்து வரும். நின்றாலும் நான்கு விநாடிக்கு ஒன்று வரும்.

"மூச்சு விடுற மாதிரி மேடம்."

"இதய நோயாளி மூச்சு" என்றேன். ஆனால் சரியான யோசனை. முந்தைய கொத்து மறைந்து அடுத்தது பிறக்கும் இடம்தான் வண்டி.

"தெரியுதா?" என்று இவரைக் கேட்டேன்.

"பஞ்சு மாதிரி. இங்க... இப்ப இங்க... இப்ப இங்க." விரலால் காட்டினார். மூன்று முறையும் சரி.

ஃபெலிக்ஸ் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புகை பட்டுவிட்டதாம். அவர் காற்று வரும் பக்கம்தான் நின்றிருந்தார்.

ஜனவரி 19 – ஞாயிறு

மைதானத்தில் இவர் தாமாகவே எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னார். "எனக்கு நடுக்கண் போச்சு. பொறுமையா ஓட்டுவேன். பின்னாடி ஹாரன் அடிக்காதீங்க." அருணாசலம் என்னிடம் வந்து, அன்றைக்குச் சிரித்ததற்காக ஏதோ ஆரம்பித்தார். "அன்று வேடிக்கையாகத்தான் இருந்தது" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பாவம், வேறெப்படிச் சொல்வது?

ஜனவரி 26 – ஞாயிறு

கொடியேற்றம், இனிப்பு, ஒலிபெருக்கியில் கரகரப்பு. ஒன்பதரைக்கு ஓட்டம்.

பன்னிரண்டு சொட்டையும் நான் விட்டேன். மற்றவர்கள் நான்கு, ஐந்து நிமிடத்தில் முடித்தார்கள். இவர் ஒவ்வொரு வளைவிலும் நிறுத்தினார். வெள்ளைக் கொத்து ஒன்று கிளம்பும்; கழுத்தைத் திருப்பிப் பார்ப்பார்; இரண்டடி நகர்த்துவார்; மறுபடி நிற்பார். மூன்றாவது வளைவில் காற்று ஓங்கி அடித்தது. நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன். புகை இடப்பக்கம் ஒரு முழம் சாய்ந்தது, கலைந்தது, இல்லாமல் போனது. இவர் காத்திருந்தார். அடுத்தது வந்தது, வண்டியின் முதுகிலிருந்தே. நகர்த்தினார்.

"ஹவ் சார், ஆராம் ஸே! அவசரமே இல்ல!" என்று ஃபெலிக்ஸ் கத்திக்கொண்டே இருந்தார். அவரைத்தான் யாராவது அமைதிப்படுத்தியிருக்க வேண்டும்.

பதினொரு நிமிடம். ஒரு கொடியை உரசினார், சாய்க்கவில்லை. ஆறு பேரில் ஐந்தாவது. அருணாசலத்தின் வண்டியில் சக்கரப் பட்டை கழன்று பாதியில் நின்றுவிட்டது. அவர் எழுந்து நின்று கைதட்டினார். அந்த மனிதரைப் பற்றி நான் அவசரப்பட்டு முடிவு செய்திருக்கலாம்.

வீடு திரும்பும்போது ஆட்டோவில் இவர் சொன்னார்: "புகை நல்லா இருந்தது."

"சுமார்" என்றேன்.

மார்ச் 4 – செவ்வாய்

மூன்றாவது ஊசி; இடது கண்ணுக்கும் போடத் தொடங்கியாயிற்று. இப்போது அட்டையில் பென்சில் பிடிப்பது நான். அவர் சொல்லச் சொல்லக் குறிக்கிறேன். இடது கண் நிழல் போன மாதத்தைவிடக் கொஞ்சம் பெரிது. வலது அப்படியே.

ஏப்ரல் 6 – ஞாயிறு

இரண்டும் அப்படியே.

ஜூன் 15 – ஞாயிறு

மழை வரும் போலிருந்ததால் மைதானத்துக்குச் சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தது. நேற்றுக் குறித்த அட்டையில் இரண்டு நிழல்களும் ஏப்ரலில் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. வர்ஷினி இனி இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தால் போதும் என்கிறாள்.

சொட்டுகளைத் தாமே விடுவதாக அடம்பிடித்தார். சொட்டுக்குழாயை விளிம்பில் வைத்து, "ஒன்னு, ரெண்டு" என்று உரக்க எண்ணிக்கொண்டு வந்தவர், எட்டில் ரோஸ்லினிடம் ஏதோ வம்பளந்துவிட்டு மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். பெட்டி வழிந்தது. மேஜை நனைந்தது. சலவை செய்த வேட்டியும் நனைந்தது.

திட்டினேன். எண்ணத் தெரியாதவருக்கு எதற்கு மேஜர் பட்டம் என்பதில் தொடங்கி, வேட்டி வழியாக, அவருடைய தாயார் வளர்ப்பு வரைக்கும் போனேன். குறைந்தது ஐந்து நிமிடம் இருக்கும். ரோஸ்லின் துடைப்பத்தைக்கூடக் கீழே போடவில்லை.

இவர் முழுவதையும் கேட்டு முடித்தார். பிறகு என் காதைப் பார்த்துச் சிரித்தார்.